எண்ணிப் பார்த்த கடன்

1954ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கையை வெளியிட்டது. பல தொகுதிகளாக விரிந்த அந்த அறிக்கையில் ஒன்பதே வரிகள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. இந்திய உழவர்கள் ஓராண்டில் வாங்கிய கடன் யார் கையிலிருந்து வந்தது என்பதை அது சொல்லியது. வட்டிக்குக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து 44.8 விழுக்காடு, நிலமும் வைத்துக்கொண்டு வட்டிக்கும் விடுகிற விவசாயிகளிடமிருந்து 24.9, உறவினரிடமிருந்து 14.2, வணிகர், தரகு மண்டிக்காரர் ஆகியோரிடமிருந்து 5.5, அரசிடமிருந்து 3.3, கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து 3.1, நிலவுடைமையாளரிடமிருந்து 1.5, இதர வழிகளில் 1.8. எஞ்சிய ஒரு வரி வணிக வங்கிகளுக்கு உரியது. அதில் இருந்த எண் 0.9.

ஓர் உழவர் நூறு ரூபாய் கடன்பட்டால் அதில் வங்கியின் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அக்காலக் கணக்கில் பதினான்கரை அணாவுக்கும் குறைவு. சுதந்திரம் பெற்று ஏழாண்டுகள் ஆகியிருந்த ஒரு நாட்டில், மக்களில் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்த காலத்தில், வங்கி என்ற நிறுவனம் ஊர்ப்புறத்தில் இல்லாததற்குச் சமமாகவே இருந்தது என்பதை அந்த ஓர் எண் அம்பலப்படுத்தியது. அறிக்கை வெளியான சில மாதங்களுக்குள் நாட்டின் மிகப் பெரிய வங்கி அரசுத் துறைக்கு வந்தது. ஒரு கணக்கெடுப்பு இத்தனை விரைவில் ஒரு நிறுவனத்தின் தலைவிதியை மாற்றிய நிகழ்வுகள் நம் நாட்டு வரலாற்றில் அதிகம் இல்லை. தரவு, பகுப்பாய்வு, காட்சிப்படுத்தல் என்றெல்லாம் இன்று நாள்தோறும் கேட்கிறோம். அவற்றைக் கணினி வந்த பிறகு பிறந்த சொற்கள் என்று எண்ணுவோருக்கு, காகிதப் படிவமும் மிதிவண்டியுமாக நடந்த இந்தப் பழைய முயற்சி பல செய்திகளைச் சொல்லும்.

கணிப்பும் கணக்கும்

உழவரின் கடன்சுமை பற்றிய கவலை 1951இல் புதிதாகப் பிறந்ததன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, நிலவங்கிகளைத் தொடங்குவது பற்றி ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார். மாகாணத்தின் ஊர்ப்புறக் கடன் 45 கோடி ரூபாய் என்பது அவர் கணிப்பு. கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கான 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டவற்றுள் அவர் அறிக்கையும் ஒன்று. பின்னர் பஞ்சாபில் மால்கம் டார்லிங் கணித்தார். 1930 வாக்கில் வங்கி விசாரணைக் குழுக்கள் கணித்தபோது, பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் 900 கோடி ரூபாய் என்ற தொகை கிடைத்தது.

இவை யாவும் உழைத்து எழுதப்பட்டவை. ஆயினும் இவற்றில் ஒரு குறை இருந்தது. சில ஊர்களில் கண்டதை நிலவரி போன்ற வேறொரு கணக்கோடு பெருக்கி நாட்டின் மொத்தத்தை எட்டுவது அக்கால வழக்கம். அவ்வாறு எட்டிய தொகை பெரிது என்று கவலைப்படலாம். ஆனால் சிறு விவசாயி யாரிடம் வாங்குகிறார், பெரிய விவசாயி யாரிடம் வாங்குகிறார், விதைக்காக வாங்கினாரா, மகளின் திருமணத்துக்காகவா, எந்த மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது, எங்கே பெயர்ப் பலகை மட்டும் தொங்குகிறது என்ற கேள்விகளுக்கு அந்தத் தொகை பதில் சொல்லாது. வங்கிக் கிளையை எங்கே திறப்பது என்று தீர்மானிக்க வேண்டியவருக்குத் தேவைப்படுவன இந்தக் கேள்விகளின் விடைகளே.

600 ஊர்கள்

1951 ஆகஸ்டில், பெனகல் ராம ராவ் ஆளுநராக இருந்தபோது, ரிசர்வ் வங்கி ஒரு நெறிப்படுத்தும் குழுவை அமைத்தது. ஓய்வு பெற்ற ஆட்சிப் பணி அதிகாரி ஏ.டி. கோர்வாலா அதன் தலைவர். புணேயின் கோகலே நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலறிஞர் டி.ஆர். காட்கில், ரிசர்வ் வங்கியின் பி. வெங்கடப்பையா, புள்ளியியலர் என்.எஸ்.ஆர். சாஸ்திரி ஆகியோர் உறுப்பினர்கள். அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு என்று அது பெயர் பெற்றது. 75 மாவட்டங்கள், 600 ஊர்கள், 1,27,343 குடும்பங்கள். கணக்குப் பார்த்தால் மாவட்டத்துக்கு எட்டு ஊர், ஊருக்கு ஏறத்தாழ 212 குடும்பங்கள்.

இலட்சக்கணக்கான ஊர்கள் உள்ள நாட்டில் 600 ஊர்களைப் பார்த்துவிட்டு முழு நாட்டையும் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த புள்ளியியல். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. பானையைக் கிளறியிருக்க வேண்டும். அடியில் குழைந்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானையில், கைக்கு எட்டிய மேற்சோற்றை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்தால் முடிவு தவறாகும். சாலையோரத்து ஊர்களையும், பேச முன்வருகிற வீடுகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆய்வு அத்தகையது. எந்த ஊர், எந்த வீடு என்பதைக் கணக்கெடுப்பவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறைக்கு விடுவதே கிளறுதல் ஆகும். நன்கு கிளறப்பட்டதாயின், பானை சிறிதா பெரிதா என்பது அவ்வளவு முக்கியமன்று. எத்தனை பருக்கைகளை எடுத்துப் பார்த்தோம் என்பதே முடிவின் துல்லியத்தைத் தீர்மானிக்கும்.

இந்தக் கலையை நம் நாட்டில் வளர்த்தவர் பி.சி. மகலனோபிஸ். 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கணக்கிட வயல்களை மாதிரியெடுத்துப் பார்த்தவர். அவர் கையாண்ட ஓர் உத்தியை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்புவார். இரண்டும் தனித்தனி மாதிரிகளை எடுத்துவரும். இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் மாதிரியிலோ, எடுத்தவரிடத்திலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். தன் கணக்கைத் தானே சந்தேகித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது அதற்கு அடித்தளம் இட்டவரும் அவரே. ஊரகக் கடன் ஆய்வு நடந்தபோது இந்தியாவில் மாதிரிக் கணக்கெடுப்பு ஏட்டளவில் நின்ற கோட்பாடாக இல்லாமல், கைப்பழக்கமான தொழிலாக ஆகியிருந்தது.

வாசற்படியில் கேட்கப்படும் கேள்வி

வயலில் விளைந்த நெல்லை அறுத்து எடை போடலாம். கடனை எடை போட முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கடனைப் பற்றிக் கேட்பது எளிதன்று. குடும்பத் தலைவர் திண்ணையில் அமர்ந்து பதில் சொல்லும்போது, அவருக்குக் கடன் கொடுத்தவர் எதிர்த் திண்ணையில் இருக்கக்கூடும். தோடு அடகுக் கடையில் இருப்பது வீட்டுப் பெண்மணிக்குத் தெரியும், கணவருக்குத் தெரியாது. கணவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு மனைவிக்குத் தெரியாது. அண்ணனிடம் வாங்கிய கைமாற்றைப் பலர் கடனாகவே நினைப்பதில்லை. அறுவடையில் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய நெல் மூட்டைகளுக்கு ரூபாய் மதிப்பு என்ன? மண்டிக்காரர் முன்பணம் தந்து, விளைச்சலைத் தமக்கே தர வேண்டும் என்று விலையைக் குறைத்துக்கொண்டால், அந்தக் குறைவு வட்டியா விலையா? வினாப்பட்டியலைத் தயாரிப்பவர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே யோசித்திராவிட்டால், களத்துக்குச் செல்பவர் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு வருவார். பிறகு எத்தனை பெரிய கணினியைக் கொண்டு ஆராய்ந்தாலும் அந்தப் பிழை நீங்காது. தரவைப் பற்றிய இன்றைய உரையாடல்களில் ஆய்வு முறைகளுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட இந்தத் திண்ணை வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஊரகக் கடன் ஆய்வு இதில் கவனம் காட்டியது. ஊரின் எல்லாக் குடும்பங்களையும் பொதுவாகக் கணக்கெடுத்தது. அவற்றுள் சிலவற்றை மட்டும் ஆழமாக விசாரித்தது. உழவர் குடும்பங்களைப் பயிரிடும் நிலத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தி, பெரியவர், நடுத்தரத்தார், சிறியவர் என்று பகுத்துப் பார்த்தது. இந்தப் பகுப்பினால் வெளிப்பட்டவற்றுள் ஒன்று சங்கடமானது. ஏழை உழவருக்காக அரை நூற்றாண்டாக வளர்க்கப்பட்ட கூட்டுறவுச் சங்கங்களின் சொற்பக் கடனும் நிலம் மிகுந்தவர்களையே பெரிதும் சென்று சேர்ந்தது. மற்றொன்று பழகிய நம்பிக்கையைக் கலைத்தது. உழவர் பெற்ற கடனில் ஏறத்தாழப் பாதி குடும்பச் செலவுக்குப் போயிற்று. அதைக் கண்டு முகம் சுளித்தோர் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் சாப்பாட்டுக்கு வாங்கிய கடன் வீண் செலவாகுமா என்று யோசித்தவர்கள் குறைவு. உழவர் வீட்டில் தொழிற்கணக்கும் சமையலறைக் கணக்கும் ஒரே பெட்டியில் இருப்பவை. வட்டிக்கடைக்காரர் இரண்டுக்கும் கடன் கொடுத்தார், கேட்ட அன்றே கொடுத்தார். அவருடைய 44.8 விழுக்காட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

எண் காட்டிய திசை

இதுவரையிலான கூட்டுறவு முயற்சி தோல்வியே என்று ஒப்புக்கொண்ட குழு, அதை வெற்றி பெறச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றும் முடிவு செய்தது. அரசு கூட்டுறவுச் சங்கங்களில் பங்குதாரராக வேண்டும்; விளைபொருளைச் சேமித்து வைக்கக் கிடங்குகள் வேண்டும்; ஊர்ப்புறத்துக்குச் செல்லும் கடமை கொண்ட ஒரு பெரிய வங்கி வேண்டும். மூன்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கடன் கொடுத்தவரே விளைச்சலையும் வாங்குகிறவராக இருக்கும்வரை, கடனை மட்டும் தனியே சீர்செய்ய இயலாது என்பதைத் தரவிலிருந்து குழு கண்டுகொண்டிருந்தது. கிடங்குகளுக்கான மத்தியக் கழகம் 1957இல் உருவானதன் பின்னணி இதுதான்.

வங்கியைப் பொறுத்தவரை நிகழ்வுகள் வேகமாக நடந்தன. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகள் 1921இல் இணைந்து உருவான இம்பீரியல் வங்கியே அன்று நாட்டின் மிகப் பெரிய வணிக வங்கி. சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது அது அரசுத் துறைக்கு மாற்றப்பட்டு, 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. ஜான் மத்தாய் அதன் முதல் தலைவர். ஐந்தாண்டுகளில் 400 புதிய கிளைகளைத் திறக்க வேண்டும் என்ற கடமையைச் சட்டம் அதற்கு விதித்தது. அந்த இலக்கு உரிய காலத்தில் எட்டப்பட்டது. ஆய்வுக் குழுவில் அமர்ந்து அந்த 0.9ஐப் பார்த்த வெங்கடப்பையா, 1962இல் அதே வங்கியின் தலைவரானார்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 0.9 என்ற எண் எந்த வங்கியையும் நாட்டுடைமையாக்கச் சொல்லவில்லை. பள்ளம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதை மட்டுமே அது காட்டியது. எதைக் கொண்டு நிரப்புவது என்பது மனிதர்கள் விவாதித்து எடுத்த முடிவு. வேறு முடிவுகளும் இயலக்கூடியவையாக இருந்தன. தரவின் பெயரால் விவாதத்தை முடித்துவைக்க முயல்வோர் அன்றும் இருந்தனர். இன்று இன்னும் அதிகம்.

ஒரு கோடு

அந்த ஆய்வு ஒருமுறையோடு நின்றிருந்தால் அதன் பயன் சிறிதே. 1961–62இல் மீண்டும் நடந்தது. 1971–72இலும் நடந்தது. பின்னர் அது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பொறுப்பாகி, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து வருகிறது. ஊரகக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் வங்கி, கூட்டுறவு, அரசு போன்ற நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்ற ஒரே கேள்வியை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வந்ததன் பலனை ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்.

1951இல் ஏறத்தாழ 7 விழுக்காடு. 1961இல் 15. 1971இல் 29. 1981இல் 61. 1991இல் 64. 2002இல் 57. 2013இல் 56. 2018இல் 66.

எண்களாகப் படிக்கும்போது கண் நழுவிவிடுகிறது. புள்ளி வைத்துக் கோடிழுத்தால் கதை தெரிகிறது. முதலில் மெல்ல எழும் கோடு 1971க்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையானதும், 1975இல் வட்டாரக் கிராம வங்கிகள் தொடங்கியதும் அந்த ஏற்றத்துக்குள் இருக்கின்றன. 1991க்குப் பிறகு கோடு தலை சாய்கிறது. ஊர்ப்புறக் கிளைகளைத் திறப்பதற்கான கட்டாயம் தளர்ந்த காலம் அது. விட்ட இடத்தை வட்டிக்காரர் பிடித்துக்கொண்டார். பிறகு கோடு மீண்டும் நிமிர்கிறது. 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வணிகக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து நூலாக்கியபோது, அட்டவணையைப் படிக்கப் பொறுமையில்லாதவர்க்கு அது உதவும் என்று கருதினார். பொறுமை உள்ளவர்க்கும் அது உதவுகிறது.

கோடு ஏமாற்றவும் செய்யும். நெடுக்கு அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் 50இலிருந்து தொடங்கி வரைந்து பாருங்கள். 64இலிருந்து 57க்கு இறங்கியது மலையுச்சியிலிருந்து உருண்டதுபோல் தோன்றும். செய்தித்தாளிலோ, முதலீட்டுத் திட்டத்தின் விளம்பரத்திலோ வரைபடம் கண்டால் முதலில் அதன் இடப்பக்க ஓரத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். மற்றொரு கண்ணி நுட்பமானது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அட்டவணை, ஓராண்டில் வாங்கிய கடனைப் பற்றியது. இந்தக் கோடு, ஒரு குறிப்பிட்ட நாளில் நிலுவையாக நிற்கும் கடனைப் பற்றியது. ஆற்றில் ஓடும் நீரும் ஏரியில் நிற்கும் நீரும் போன்றவை அவை. உறவினரிடம் வாங்கிய கைமாற்று சில மாதங்களில் தீரும். நிலவங்கிக் கடன் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டு அளவைகளையும் ஒரே கோட்டில் கலந்து வரைவோர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் தவறான செய்தியைத் தருவர்.

வரைபடத்தின் வெற்றிடங்கள்

காலத்தைக் கோடு காட்டும். இடத்தை நிலப்படம் காட்டும். நாட்டுடைமைக்கு முந்தைய 1969இல் இந்தியாவில் ஏறத்தாழ 8,000 வங்கிக் கிளைகளே இருந்தன. சராசரியாக 64,000 பேருக்கு மேல் ஒரு கிளை. அந்தச் சராசரியும் கருணை மிகுந்த கணக்கு. பெருநகரங்களில் ஒரே தெருவில் பல கிளைகள். பல வட்டங்களில் ஒன்றுமில்லை. அவ்வாண்டில் காட்கில் தலைமையிலான ஆய்வுக் குழு, ஊரகக் கடன் ஆய்வில் இருந்த அதே காட்கில், வட்டார அணுகுமுறையைப் பரிந்துரைத்தது. முன்னோடி வங்கித் திட்டம் அதிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி பொறுப்பேற்று, அம்மாவட்டத்தின் தேவைகளை ஆராய்ந்து, எங்கே கிளை இல்லை என்று கண்டறிய வேண்டும். உங்கள் மாவட்டத்திலும் அப்படி ஒரு முன்னோடி வங்கி உண்டு.

1977இல் ஒரு கடுமையான விதி வந்தது. வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறந்தாக வேண்டும். 1990 வரை அது நடைமுறையில் இருந்தது. ராபின் பர்கெஸ், ரோகிணி பாண்டே ஆகிய இரு பொருளியலறிஞர்கள் இந்தக் காலத் தரவுகளை மாநில வாரியாக ஆராய்ந்து, கிளை விரிவாக்கம் ஊர்ப்புற வறுமையைக் குறைத்தது என்று 2005இல் எழுதினர். அம்முடிவோடு முரண்பட்டோரும் இருக்கின்றனர். வறுமை குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் ஒரே பொதுத் தரவை எடுத்துவைத்துக்கொண்டு வாதாட முடிகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மாவட்ட அளவில் இன்று வங்கியாளர் உற்றுநோக்கும் எண் கடன்–வைப்பு விகிதம். ஒரு மாவட்டத்து மக்கள் நூறு ரூபாய் வைப்பாகப் போட்டால், அங்கே எத்தனை ரூபாய் கடனாகத் திரும்புகிறது என்பது அது. 40க்குக் கீழே போனால் அம்மாவட்டத்துக்கெனத் தனித் துணைக்குழு அமைத்துக் காரணம் ஆராய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. தமிழ்நாட்டில் மாநில அளவில் இது நூற்றுக்கு மேல். கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் நீண்ட காலமாகவே தாழ்வு. வண்ணம் தீட்டிய நிலப்படத்தில் இந்த வேறுபாட்டைக் காணும்போது, ஏழை மாவட்டத்தின் சேமிப்பு வளமான மாவட்டத்தின் தொழிலுக்குப் போகிறதோ என்ற கேள்வி எழாமல் இராது. அதே சமயம், சென்னையிலோ மும்பையிலோ ஒப்புதல் பெற்ற கடன் வேறெங்கோ உள்ள ஆலையில் செலவாகக்கூடும். ஆகவேதான் கடன் வழங்கப்பட்ட இடம், பயன்பட்ட இடம் என இரண்டையும் வங்கிகளிடமிருந்து தனித்தனியே திரட்டுகிறார்கள். நிலப்படத்தைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் அது எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சராசரி என்னும் திரை

2019இல் நடந்த கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பு 69,455 ஊரகக் குடும்பங்களையும் 47,006 நகரக் குடும்பங்களையும் சந்தித்தது. ஓர் ஊரகக் குடும்பத்தின் சராசரிக் கடன் 59,748 ரூபாய் என்றது. பல இதழ்களில் இந்தத் தொகையே தலைப்பாயிற்று. ஆனால் அதே அறிக்கை மற்றொன்றையும் சொல்கிறது: ஊரகக் குடும்பங்களில் கடன் உள்ளவை 35 விழுக்காடு. அப்படியானால் 65 வீடுகளில் கடனே இல்லை. 59,748 என்ற சராசரி அந்த வீடுகளையும் சேர்த்து வகுத்தது. கடன் உள்ள வீடுகளை மட்டும் எடுத்தால் சராசரி ஏறத்தாழ 1,70,000 ரூபாய். கடன் தள்ளுபடியோ, வட்டிச் சலுகையோ திட்டமிடுபவர் முதல் எண்ணை வைத்துக்கொண்டு அமர்ந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சுமையை மூன்றில் ஒரு பங்காகவே மதிப்பிடுவார்.

நகரங்களில் கடன் உள்ள குடும்பங்கள் 22.4 விழுக்காடு மட்டுமே. ஆயினும் சராசரித் தொகை 1,20,336 ரூபாய். வீட்டுக்கடன் வகையிலான பெரிய தொகைகள் சில வீடுகளில் குவிந்திருக்கின்றன என்று ஊகிக்க இடமிருக்கிறது. நிறுவனக் கடனின் பங்கு நகரத்தில் 87 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 66. ஊர்ப்புறத்திலும் சொத்து மிகுந்த வீடுகள் வங்கியிடமும், சொத்து குறைந்த வீடுகள் பெரும் அளவில் தனியாரிடமும் கடன்பட்டிருக்கின்றன. 1951இல் நில அளவுப்படி பகுத்துப் பார்த்தபோது தெரிந்த அதே சாய்வு இது.

மற்றோர் எண்ணும் நம் சிந்தனைக்குரியது. தருண் ராமதுரை தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதி ஆய்வுக் குழு, இதே கணக்கெடுப்பின் முந்தைய சுற்றை ஆராய்ந்து 2017இல் அறிக்கை தந்தது. சராசரி இந்தியக் குடும்பத்தின் செல்வத்தில் 84 விழுக்காடு நிலம், வீடு உள்ளிட்ட பொருட்சொத்துகளில் இருக்கிறது; 11 விழுக்காடு தங்கத்தில்; வங்கி வைப்பு, காப்பீடு, பங்கு போன்ற நிதிச் சொத்துகள் எஞ்சிய 5 விழுக்காட்டில். மருத்துவமனையின் வாசலில் நிற்கும் நாளில் நிலத்தை விற்க முடியாது. வட்டிக்குத்தான் வாங்க முடியும். சொத்து இருந்தும் வட்டிக்காரரிடம் செல்கிற குடும்பங்களின் புதிர் இந்த மூன்று எண்களில் ஓரளவு அவிழ்கிறது.

கணக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது என்பதையும் நாளடைவில் கற்றுக்கொண்டோம். 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் தொடங்கிய பிறகு வங்கிக் கணக்குகளின் எண்ணிக்கை பெருகியது. 2019இன் கணக்கெடுப்பில் ஊர்ப்புற வயதுவந்தோரில் 84.4 விழுக்காட்டினருக்கு வங்கிக் கணக்கு இருந்தது. திறந்த கணக்கில் பணம் போட்டு எடுக்கிறார்களா என்பது வேறு கேள்வி. ரிசர்வ் வங்கி 2021 முதல் வெளியிட்டு வரும் நிதி உள்ளடக்கக் குறியீடு, கிளையும் கணக்கும் கைக்கு எட்டுவதற்கு 35 விழுக்காடு எடையும், அவற்றை உண்மையில் பயன்படுத்துவதற்கு 45 விழுக்காடும், சேவையின் தரத்துக்கு 20 விழுக்காடும் தருகிறது. 2017 மார்ச்சில் 43.4 ஆக இருந்த குறியீடு 2025 மார்ச்சில் 67.0. கணக்குப் புத்தகத்தை விடப் பயன்பாட்டுக்குக் கூடுதல் எடை தந்தது சரியான தேர்வு என்றே தோன்றுகிறது.

உங்கள் வாசலுக்கு வரும்போது

குலுக்கலில் உங்கள் தெருவும் உங்கள் வீடும் ஒருநாள் தேர்வாகலாம். கணக்கெடுப்பவர் கடன், சேமிப்பு, நகை, நிலம் என்று கேட்பார். வருமான வரிக்காரர் அனுப்பிய ஆளோ என்று அஞ்சிக் கதவைச் சாத்துவோர் நகரங்களில் மிகுதி. அடுக்ககங்களின் வாயிற்காவலரைத் தாண்டவே முடியாமல் திரும்புவதும் உண்டு. வசதியான வீடுகள் இப்படி விலகும்போது, பானையின் ஒரு பக்கம் கிளறப்படாமல் போகிறது. புள்ளிவிவரங்கள் திரட்டும் சட்டம், 2008, தரப்பட்ட விவரங்களைப் புள்ளியியல் நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், தந்தவர் இன்னாரென்று வெளியிடக்கூடாது என்றும் கட்டளையிடுகிறது. வருபவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. கடன் எவ்வளவு என்று அவர் கேட்கலாம். அட்டையின் ரகசிய எண்ணையோ, கைபேசிக்கு வரும் ஓடிபியையோ கேட்டால் அவர் கணக்கெடுப்பாளர் அல்லர்; உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

அதற்கு முன்பாகவே, வீட்டளவில் ஓர் ஆய்வை நடத்திப் பார்க்கலாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு 1954ஆம் ஆண்டு அட்டவணையைப் போலவே வரிகள் போடுங்கள்: வங்கி, கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, நகைக்கடன், சீட்டில் எடுத்த பணம், கடன் அட்டை, கடையில் தவணை, உறவினர் கைமாற்று, தனியார் வட்டி. கணவன் மனைவி இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், இன்றைய தேதிக்கு நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதுங்கள். மகலனோபிஸ் இரண்டு குழுக்களை அனுப்பியதைப் போன்றது இது. பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டி மிகுந்த வரி எது என்று கண்டபின், குறைந்த வட்டியில் அதை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று கேட்க, அந்தத் தாளோடு உங்கள் கிளை மேலாளரைச் சந்திக்கலாம்.